மூட்டையில் கட்டிய கிண்ணங்கள்

யாங்ஜின் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உருளைக்கிழங்குச் சாக்குக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். மரக் கிண்ணங்கள், எவர்சில்வர் தம்ளர்கள், பயணிகளுக்கான பீங்கான் குவளைகள், காது உடைந்துபோய்க் கரண்டி போட்டு வைத்திருந்த குவளை, எதையும் விட்டுவைக்கவில்லை. பூஜை அலமாரியில் புத்தருக்குத் தண்ணீர் வைக்கும் வெண்கலக் கிண்ணங்களை மட்டும் தொடவில்லை. அவற்றில் ஊற்றும் அளவுக்குச் சாம்ஜி கெட்டுப்போகவில்லை என்று ஓர் எண்ணம். பிறகு சந்தேகம் வந்து அலமாரிக் கதவையும் சாத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே, ஆறு அரித்த கரையின் விளிம்பில் ஆடு போகிற தடத்தில் அவள் தங்கை சாம்ஜி ஏறி வந்துகொண்டிருந்தாள். முதுகில் துணியால் கட்டிய பிளாஸ்டிக் கேன். திருப்பத்தில் அவள் குனிந்தபோது கேனின் வாயில் வெண்ணெய்ப் பொட்டு தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் யாங்ஜின் சாக்கைத் தேடி எடுத்திருந்தாள்.

பாங்சோ ஊரில் வெண்ணெய்ப் பொட்டு வைத்த சாங்கை யாரும் சும்மா கொண்டுவருவதில்லை. பார்லியில் வடித்த அந்தப் புளித்த வெள்ளைச் சரக்கோடு வருகிறவர் எதையோ கேட்க வருகிறார். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டால் கேட்டதைக் கொடுத்தாயிற்று. பிறகு எந்தக் காலத்திலும் இல்லை என்று சொல்ல முடியாது. குடிக்காவிட்டால் கொடுக்கவில்லை. ஆனால் வீடு தேடி வந்தவர் ஊற்றி நீட்டுவதைத் தட்டிவிடுவது லேசல்ல. ஊற்றுவதற்குப் பாத்திரமே இல்லையென்றால்தான் தப்பிக்கலாம்.

சாம்ஜி எதைக் கேட்க வருகிறாள் என்பது ஊருக்கே தெரியும். மழைக்காலத்தில் ஆறு பழைய பாதையைத் தின்றுவிட்டது. கணவாயிலிருந்து இறங்கி வரும் டிரெக்கிங் கூட்டம் அத்தனையும் இப்போது மேல்வழியில் யாங்ஜினின் வாசலைத் தொட்டுக்கொண்டு போய், பாறையில் வெட்டிய படிகளில் இறங்கி, ஊருக்குக் கீழே வெகு தூரத்தில் பழைய பாதையோடு சேர்ந்தது. பாதை ஓரத்தில் கண்ணாடி ஜன்னல்களோடு கட்டிய சாம்ஜியின் லாட்ஜ் நடுவில் அம்போவென்று நின்றது. சீசன் தொடங்கியும் அவள் அடுப்பில் அவர்கள் வீட்டுச் சோறு மட்டுமே வெந்தது. யாங்ஜினின் உருளைக்கிழங்கு வயல் மூலையில் கற்சுவரைத் திறந்து ஒரு பொதிமாடு போகிற அகலத்துக்கு வழி விட்டால் போதும், பயணிகள் நேராகச் சாம்ஜியின் முற்றத்தில் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து கீழே பழைய பாதை பழுதில்லாமல் இருந்தது. அந்த மூலைதான் கேனில் ஏறி வந்துகொண்டிருந்தது.

"கதவு திறந்துதான இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே சாம்ஜி உள்ளே வந்தாள்.

"மூடத்தான் வந்தேன். அதுக்குள்ள நுழைஞ்சிட்ட."

சாம்ஜி கேனை இறக்கிவிட்டு அடுப்பை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தாள். பருத்த உடம்பு. மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"உடம்பைக் குறைக்கணும்டி. இருதயம் தாங்காது" என்றாள் யாங்ஜின். அக்கறையில் சொன்னதல்ல. ஆஸ்பத்திரியில் பழகிய வாய்.

"அந்தத் தடத்துல வந்தா யாருக்கும்தான் மூச்சு வாங்கும். மனுஷன் போற வழியா அது?"

"ஆடு போகுதே."

"சரி, நான் ஆடுதான். ஒரு கிண்ணம் எடு அக்கா."

அக்கா என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அவளுக்கு இவள் 'மேல்வீட்டுக்காரி'தான்.

"கிண்ணம் இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"கழுவப் போட்டிருக்கு."

"எங்க?"

"ஆத்துல. நீ விட்ட குழாய்த் தண்ணியிலயா கழுவ முடியும்?"

சாம்ஜி காலை நீட்டினாள். கால் சாக்கில் பட்டது. சாக்குக்குள் கலகலவென்று சத்தம்.

"உருளைக்கிழங்கு இப்பல்லாம் சத்தம் போடுதா?"

"இந்த வருஷ விளைச்சல் அப்படி."

சாம்ஜி சிரிக்கவில்லை. அங்கியின் மார்பு மடிப்புக்குள் கையை விட்டு ஒரு கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தாள். விளிம்பில் வெள்ளிப் பூண் போட்ட மரக் கிண்ணம். இருவரின் அப்பா தன் கடைசி நாள் வரை குடித்த கிண்ணம்.

யாங்ஜின் கைகளை முன்றானைத் துணியில் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஈரம் எதுவும் இல்லை.

அந்தக் கிண்ணத்தில் அவள் ஊட்டாத கஞ்சி கிடையாது. இளவயதில் அவள் பள்ளத்தாக்கின் கீழே உள்ள ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள். நோயாளியைப் புரட்டிப் போடுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, மூச்சின் சத்தத்தை வைத்து யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது எல்லாம் அங்கே நர்சுகள் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது. அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனதும் வேலையை விட்டுவிட்டு மேலே வந்தாள். சாம்ஜி அப்போது தெந்தி என்பவனைக் கட்டிக்கொண்டு, அவனுடைய மாடுகளுக்குப் பின்னால் மேய்ச்சல் மேய்ச்சலாகப் போய்க்கொண்டிருந்தாள். பண்டிகைக்கு வருவாள், அப்பாவின் காலைப் பிடித்து அழுவாள், போய்விடுவாள். மலம் அள்ளுவதும் வாயைத் துடைப்பதும் யாங்ஜினின் வேலை. ஆண் பிள்ளை இல்லாத வீடு. நிலத்தைப் பெண்களுக்குப் பிரித்தபோது அப்பா, பாதை ஓரத்துச் சமநிலத்தைச் சின்னவளுக்குக் கொடுத்தார். "நீ சம்பளக்காரி, உனக்கு என்ன கவலை" என்று சாய்ந்த வாயால் சொல்லி, மேட்டு நிலத்தை மூத்தவளுக்குக் கொடுத்தார். அவருக்காகத்தான் சம்பளத்தை விட்டாள் என்பது அவருக்கு நினைவில்லை. மூளை பாதிக்கப்பட்டவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று யாங்ஜின் முடித்துக்கொண்டாள். கிண்ணத்தையும் சாம்ஜியே கொண்டுபோனாள். அதை அவ்வளவு சுலபத்தில் முடித்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு டிரெக்கிங் வந்தது. சமநிலத்தின் விலை தெரிந்தது. சாம்ஜி லாட்ஜ் கட்டினாள். யாங்ஜினும் மேட்டில் நான்கு கட்டில் போட்டாள். மேல்வீட்டில் மூட்டைப்பூச்சி என்று சாம்ஜி பயணிகளிடம் சொன்னாள். கீழ்வீட்டில் முந்தின நாள் எச்சில் சோறு மறுநாள் சூப்பாகிறது என்று யாங்ஜின் சொன்னாள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

அதற்கு நடுவில்தான் தண்ணீர் விவகாரம். ஊற்று இருவர் வீட்டுக்கும் மேலே, சாம்ஜியின் மேய்ச்சல் நிலத்தில் இருந்தது. அதன் வழியே ஒரு குழாய் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்க யாங்ஜின் ஒருநாள் நல்ல சாங் வடித்து, வெண்ணெய்ப் பொட்டு வைத்து, தங்கையின் வீட்டுக்குப் போனாள். சாம்ஜி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "பல்லு வலி அக்கா, வாயே திறக்க முடியல" என்றாள். அன்று சாயங்காலமே, கல்லாய்க் காய்ந்த பாலாடைக்கட்டியை அவள் வாசலில் உட்கார்ந்து கடகடவென்று கடித்துக்கொண்டிருந்ததை யாங்ஜின் தன் வயலிலிருந்து பார்த்தாள். அன்றிலிருந்து அவள் முதுகில் தண்ணீர் சுமக்கிறாள்.

"எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியும்" என்றாள் சாம்ஜி. கேனைத் திருகித் திறந்து கிண்ணம் வழிய ஊற்றினாள். "மூலை மட்டும்தான். சுவரை ஒட்டி. உன் கிழங்குச் செடியில ஒரு இலை மிதிபடாது. குழாய்க்கும் சம்மதம். நாளைக்கே இழுத்துக்கோ."

"இப்ப எதுக்குக் குழாய்? என் முதுகு பழகிடுச்சு."

"ரூமெல்லாம் காலி அக்கா. தெந்தி மாட்டை விக்கலாமான்னு கேக்கறாரு."

"நாலு கட்டில் போட்டுட்டு நானும்தான் காலியா உக்காந்திருந்தேன். நீ மாட்டை விக்கச் சொன்னியா, மூட்டைப்பூச்சியை விக்கச் சொன்னியா?"

"அது ஒரு காலம்."

"உனக்கு ஒரு காலம். எனக்கு இருபது வருஷம்."

சாம்ஜி கிண்ணத்தை இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினாள். முறைப்படி மூன்று தடவை நீட்ட வேண்டும். முதல் தடவை யாங்ஜின் அடுப்பைக் கிளறினாள். இரண்டாவது தடவை விறகு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சாணி வறட்டியை எடுத்தாள். மூன்றாவது தடவை நீட்டுவதற்குள் கதவு திறந்தது. அவள் புருஷன் கெல்பு புல் கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே வந்தான். காலையிலிருந்து மேட்டில் புல் அறுத்தவன். நாக்கு வறண்டிருந்தது. கண் முன்னால் கிண்ணம் நிறையச் சாங். மனைவிகூட ஒரு நாளைக்கு நல்லவளாக இருப்பாள் என்று நினைத்தானோ என்னவோ, வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டான்.

"குடிச்சாச்சு!" என்று சாம்ஜி எழுந்தே விட்டாள். "மாமா குடிச்சாச்சு! வெண்ணெய்ப் பொட்டு வச்ச சாங்!"

கெல்பு கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு கேனைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான், அதுதான் அவனுக்குப் பயம்.

"ஏதோ கேக்க வந்தியா?" என்றான் மெதுவாக.

"கேட்டாச்சு, குடுத்தாச்சு."

"யாரு குடுத்தது?" என்றாள் யாங்ஜின். "வயல் எங்க அப்பன் எனக்கு எழுதினது. இவரு வீட்டோட மாப்பிள்ளை. இவரு குடிச்சா இவரு மேல்சட்டையை வேணா நீ கேக்கலாம். எடுத்துட்டுப் போ, ரெண்டு கிழிசல் இருக்கு, தச்சுக்கோ."

"முப்பது வருஷமா உன் வீட்டுக்கு உழைக்கிற மனுஷனை இப்படிப் பேசறியே!"

"குளிரா இருக்கு, சட்டையை விட்டுடு யாங்ஜின்" என்றான் கெல்பு.

சாம்ஜியின் முகம் சிவந்தது. கிண்ணத்தை மறுபடியும் விளிம்பு வரை நிரப்பினாள். மேசையின் நடுவில் வைத்தாள். கேனையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

"வச்சிட்டுப் போறேன். நீயா குடிக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். கொட்டுறதுன்னா கொட்டு. கேட்டு வந்த சாங்கைக் கொட்டினவங்கற பேரும் உனக்கே இருக்கட்டும்."

போகும்போது கதவைச் சாத்தாமல் போனாள். குளிர் உள்ளே வந்தது.

அந்தக் கிண்ணம் அங்கேயே இருந்தது. கொட்ட முடியாது, குடிக்க முடியாது, நகர்த்தினால் தளும்பும். கெல்பு அதைச் சுற்றி நடந்தான். "உன் தங்கச்சி நல்லா வடிக்கிறா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு சாணி மிதிக்கப் போய்விட்டான்.

மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கியது. கணவாயிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் இரண்டு ஹாலந்துக்காரப் பெண்கள், பின்னால் ஓர் ஆள், அவனுக்குப் பின்னால் வழிகாட்டி பிரதிமான் ராய். அந்த ஆள் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். ஆனால் தலை இடிபடவில்லை, அவ்வளவு குனிந்து நடந்தான். பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான்.

யாங்ஜின் சாக்கைப் பிரித்து டீக்குக் குவளைகளை எடுத்தாள். திரும்பக் கட்டினாள். சாம்ஜி மறுபடி வரமாட்டாள் என்று நிச்சயமில்லை.

"இவர் பேர் வில்லெம், தீதி" என்றான் பிரதிமான். அக்காவுக்கு அவன் மொழியில் தீதி. "நேத்திலிருந்து சாப்பிடல. கணவாய் ஏறும்போதே திரும்பலாம்னு சொன்னேன். கேக்கல. இப்ப என் பேரையே மாத்திக் கூப்பிடறாரு."

யாங்ஜின் அவன் உதட்டைப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைத்தாள். கொதிக்கும் உலையில் மூடி துள்ளுகிற மாதிரி ஒரு சத்தம். இருமினான். துப்பியதில் நுரை இருந்தது, அதில் லேசான சிவப்பு.

"நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு."

"அதான் நானும் நினைச்சேன். உயரம் ஒத்துக்கல. இறக்கணும் தீதி. இப்பவே."

"ஹெலிகாப்டர்?"

பிரதிமான் ஏற்கெனவே போனில் கேட்டிருந்தான். பள்ளத்தாக்கு முழுக்க மேகம், நாளைக்குத்தான் பார்க்க முடியும் என்று பதில். நாளை வரை இவன் தாங்குவானா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கூட வந்த பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். யாங்ஜின் அவள் கையில் டீக் குவளையைத் திணித்து, வில்லெமின் ஈரச் சாக்ஸைக் கழற்றும்படி சைகை காட்டினாள். கைக்கு வேலை கொடுத்ததும் அழுகை நின்றது.

இந்த மலையில் சாதாரணமாக நோயாளியைக் கூடையில் உட்காரவைத்து ஒருவன் முதுகில் சுமந்துபோவான். கெல்பு கூடையைக் கொண்டுவந்தான். வில்லெமைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான். கால்கள் தரையில் இழுபடும். மழையில் பாசி பிடித்த அந்தப் பாறைப் படிகளில் அவனைச் சுமந்து இறங்கினால் இரண்டு நோயாளி ஆவார்கள்.

"இவங்க ஊரு கடலுக்கும் கீழ இருக்காம்" என்றான் பிரதிமான். "அங்கயிருந்து இங்க எதுக்குத்தான் வர்றாங்களோ."

"குதிரைதான் வழி" என்றான் கெல்பு.

குதிரை ஊரில் ஒன்றே ஒன்று. அது சாம்ஜியின் முற்றத்தில் நின்றது. படி வழியாகக் குதிரை ஏறாது. ஆட்டுத்தடத்தில் குதிரை நடக்காது. அது இங்கே வரவும், நோயாளியோடு பழைய பாதையில் இறங்கவும், வயல் மூலையைத் தவிர வேறு வழி இல்லை.

"நான் போய்க் கேக்கறேன்" என்றான் கெல்பு.

"நீ போனா அவ மறுபடி ஊத்துவா. நீயும் குடிப்ப."

"வெறுங்கையோடவா போவ? குதிரை கேக்கப் போறதுக்கு வீட்டுல சாங்கே இல்ல."

இருந்தது. மேசையில் ஒரு கேன் நிறைய இருந்தது. அவள் கொண்டுவந்த சாங்கை அவளுக்கே கொண்டுபோய்க் கேட்பதா? யாங்ஜின் சால்வையை இறுக்கிக்கொண்டு வெறுங்கையோடு வயலில் இறங்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சாம்ஜி குதிரைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிச்சிட்டியா?"

"குதிரை வேணும்."

"யாருக்கு?"

"ஹாலந்துக்காரன் ஒருத்தன். நெஞ்சுல தண்ணி. நுரையில ரத்தம்."

"கையில ஒண்ணையும் காணோம். வெறுங்கையோட கேக்கற வழக்கத்தை ஆஸ்பத்திரியில கத்துக்கிட்டியா?"

"ஆமா. அங்க யாரும் சாங் குடிச்சிட்டு ஆக்சிஜன் குடுக்க மாட்டாங்க."

சாம்ஜி தவிட்டுக் கையை உதறினாள். அவள் கண் சுவரின் மேல் நின்றது. என்ன கணக்குப் போடுகிறாள் என்று யாங்ஜினுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பாள்.

"குதிரை தரேன்" என்றாள் சாம்ஜி. "முதல்ல நீ வீட்டுக்குப் போயி, ஒரே ஒரு வாய்..."

அப்போது மேலே கதவு திறந்தது. கெல்புவும் பிரதிமானும் வில்லெமைத் தோளில் தாங்கி வயல் வரப்புக்குக் கொண்டுவந்தார்கள். முகம் சாம்பலைப் பூசிய மாதிரி இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூச்சின் சத்தம் சுவர் வரை கேட்டது.

சாம்ஜி பேச்சை முடிக்கவில்லை. "ஏய் தெந்தி! சேணத்தை எடுய்யா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அக்காவிடம் திரும்பி, "பாத்துக்கிட்டே நிக்கற? குதிரை பறந்தா வரும்?" என்றாள்.

யாங்ஜின் சுவரின் மேல்கல்லைத் தள்ளினாள். அது சாம்ஜியின் பக்கம் விழுந்து உருண்டது.

"காலை உடைக்கப் பாக்கறியா?"

"நகர்ந்து நில்லு."

"உன் கண்ணு அந்தக் காலத்துலயே சரியில்ல."

"கால் எங்க இருக்குன்னு தெரிஞ்சுதான் தள்ளினேன்."

அப்பா கட்டிய சுவர். கல்லும் மண்ணும் ஒன்றாகிப் போயிருந்தது. இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று பிடுங்கினார்கள். தெந்தி கடப்பாரையோடு ஓடிவந்தான். வசைக்கு மூச்சு மிச்சமில்லாமல் போகும்வரை வசை நடந்தது, அப்புறம் கற்கள் விழுகிற சத்தம் மட்டும். வழி ஒரு குதிரை அகலம் ஆனதும் சாம்ஜி குதிரையை இழுத்து வந்தாள்.

வில்லெமைச் சேணத்தில் நிமிர்த்தி உட்காரவைத்து, சரிந்துவிடாதபடி யாங்ஜின் ஒரு போர்வையை அவன் முதுகைச் சுற்றிச் சேணத்தோடு கட்டினாள். அவன் குதிரையின் கழுத்தில் சரிந்தபோதெல்லாம் முழங்கையால் ஒரு குத்து விட்டு நிமிர்த்தினாள். "தூங்காதே" என்று அவள் மொழியில் அதட்டியது அவனுக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது. சாம்ஜியின் முற்றத்தைக் கடந்து பழைய பாதையின் வளைவு வரை கூடவே நடந்தாள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சாம்ஜி முன்னால் நடந்தாள்.

"என் முற்றத்துல உன் கால் பட்டு எத்தனை வருஷம்?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"பெருக்கி எத்தனை வருஷம்னு முற்றம் சொல்லுது."

வளைவில் தெந்தி கடிவாளத்தை வாங்கிக்கொண்டான். பிரதிமானும் கெல்புவும் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் மூட்டைகளோடு பின்னால் போனார்கள். கீழ் ஊரில் சுகாதார நிலையமும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தன. அக்காவும் தங்கையும் குதிரை மேகத்துக்குள் மறையும் வரை நின்றார்கள். பிறகு ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு ஏறினார்கள்.

சுவரின் பிளவுக்கு வந்தபோது சாம்ஜியின் மாடுகளில் ஒன்று ஏற்கெனவே கிழங்குச் செடியில் வாயை வைத்திருந்தது. யாங்ஜின் ஒரு கல்லை எறிந்தாள். மாட்டின் மேல் படவில்லை.

"உன் கையால பிரிச்ச சுவர்" என்றாள் சாம்ஜி. "ஊரே பாத்திருக்கும்."

"உன் கையாலயும்தான்."

"மறுபடி கட்டப் போறியா?"

யாங்ஜின் முள்செடிக் கட்டை இழுத்துப் பிளவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் பிரதிமான் போன் செய்தான். சிலிண்டர் மாட்டியிருக்கிறார்கள், சூப் குடித்தான், பேர் சரியாகச் சொல்கிறான் என்றான். சரி என்று வைத்துவிட்டாள். மேசையில் கிண்ணம் அப்படியே இருந்தது. மேலே ஏடு படிந்திருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். குடித்தால் வழி சாம்ஜிக்கு. அடைத்தால், அடுத்த நோயாளி வரும்போது மறுபடி கல் பிடுங்க வேண்டும். தோள்பட்டை இப்போதே வலித்தது. வீம்புக்காகத் தோளைக் கெடுத்துக்கொள்கிற வயது தாண்டிவிட்டது. வீம்பை விடுகிற வயதும் இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏதாவது இருக்க வேண்டும் என்று யோசித்தபடியே தூங்கிப்போனாள்.

காலையில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. கெல்பு கீழ் ஊரிலிருந்து திரும்பியிருந்தான். கொட்டகைக் கூரைக்கு வைத்திருந்த நீளக் கழிகளில் இரண்டை எடுத்துவரச் சொன்னாள்.

"சுவர் கட்டறதுக்குக் கல்லு போதுமே, கழி எதுக்கு?"

"எடுத்துட்டு வாய்யா."

யாங்ஜின் பிளவின் இரண்டு ஓரங்களிலும் குலைந்திருந்த கற்களை எடுத்து, பெரியது கீழே சிறியது மேலே என்று நேராக அடுக்கினாள். சரிந்து விழாதபடி இரண்டு பக்கமும் சுவருக்குத் தோள் எழும்பியது. நடுவில் வழியை அப்படியே விட்டாள். ஒரு பக்கத் தோளில் கழி நுழைகிற அளவுக்குப் பொந்து. மறு பக்கத்திலும் பொந்து. கழிகளைக் குறுக்கே செருகிப் பார்த்தாள். உருவினாள். மறுபடி செருகினாள். சுலபமாகப் போய் வந்தது.

சாம்ஜி தன் முற்றத்தில் இடுப்பில் கை வைத்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கழியை உருவி வைத்ததும் சுவரை நோக்கி வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"குடிச்சிட்டியா, அப்படித்தானே? நேத்து ராத்திரி குடிச்சிட்டே!"

யாங்ஜின் வீட்டுக்குள் போனாள். அப்பாவின் கிண்ணத்திலிருந்த சாங்கைக் கேனுக்குள் திரும்ப ஊற்றினாள். ஏட்டை விரலால் வழித்து அதையும் கேனிலேயே விட்டாள். மூடியைத் திருகினாள். கேனைத் தூக்கிக்கொண்டு வழியில் வந்து, தங்கையின் காலடியில் வைத்தாள்.

"உன் சாங். மாமா குடிச்சது போக, ஒரு சொட்டு குறையல."

சாம்ஜி கேனைப் பார்த்தாள். கழிகளைப் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"குடிக்காம எதுக்குத் திறந்த?"

"குதிரை வரணும். நோயாளி போகணும். பகல்ல கழியை உருவி வைப்பேன், நடக்கறவங்க நடக்கட்டும். உன் மாடு ஒரு தடவை என் கிழங்கைத் தொட்டா கழியைச் செருகிடுவேன். என் லாட்ஜைப் பத்தி உன் வாய் ஒரு தடவை திறந்தாலும் செருகிடுவேன்."

"இது என்ன நியாயம்? குடிச்சுட்டுக் குடு. நான் தெனம் காலையில உன் கழியைப் பாத்துக்கிட்டா எழுந்திருக்கணும்?"

"நான் தெனம் காலையில தண்ணிக் குடத்தைப் பாத்துக்கிட்டு எழுந்திருக்கேனே."

"ஒரே ஒரு வாய் குடி அக்கா. முடிச்சுடலாம்."

யாங்ஜின் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"பல்லு வலி" என்றாள். "வாயே திறக்க முடியல."

சாம்ஜி குனிந்தாள். கேனைத் தூக்கி முதுகில் போட்டாள். நாலடி போய்விட்டுத் திரும்பினாள்.

"அப்பா கிண்ணம் எங்க?"

"எந்தக் கிண்ணம்? எங்க வீட்டுலதான் கிண்ணமே இல்லையே."

மேலே கணவாயிலிருந்து இறங்கும் வழியில் கைத்தடிகள் கல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. யாங்ஜின் வீட்டுக்குள் போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். சாக்கின் முடிச்சை அவிழ்த்துக் குவளைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக அடுக்கினாள். வெள்ளிப் பூண் போட்ட கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, சாக்கின் அடியில் போட்டு, மறுபடி இறுக்கக் கட்டினாள்.